வாட்ஸ்அப்பில் "நாளையிலிருந்து வரவேண்டாம்" என்று அனுப்பிவிட்டேன், லேபர் ஆபீஸிலிருந்து கடிதம் வந்திருக்கிறது

லேத்துக்காரர் | 12 பிப்ரவரி 2024, இரவு 10:40

எல்லாருக்கும் வணக்கம். கோவை குறிச்சி சிட்கோ பக்கம் சின்ன மெஷினிங் யூனிட் நடத்துகிறேன். ஆறு சிஎன்சி (கம்ப்யூட்டரில் ஓடும் மெஷின்), நாலு பழைய லேத், மொத்தம் 38 பேர். பம்ப் கம்பெனிகளுக்கு ஜாப் ஒர்க்.

போன மாதம் இரண்டாவது ஷிப்ட் முடிந்து ஆட்கள் கிளம்பும்போது மெஷின் செட் செய்கிற செட்டர் ஒருவருடைய சாப்பாட்டுப் பையில் இரண்டு பெட்டி கார்பைடு இன்சர்ட் (உலோகம் வெட்டும் முனை) இருந்தது. பார்த்தது வாட்ச்மேன். ஆறு வருஷம் நாலு மாதமாக இருக்கிற ஆள். என் மகள் காதுகுத்துக்கு வந்து பந்தியில் நின்று பரிமாறியவர். அந்த ஆத்திரத்தில் ராத்திரியே வாட்ஸ்அப்பில் "நாளையிலிருந்து வரவேண்டாம், கணக்கை முடித்து வாங்கிக்கொள்" என்று அனுப்பிவிட்டேன். குடும்பஸ்தன் என்று பார்த்து போலீஸுக்குக்கூடப் போகவில்லை.

இப்போது தொழிலாளர் துறையிலிருந்து கடிதம். தொழில் தகராறுகள் சட்டம் 2ஏ பிரிவில், வேலையை விட்டு நீக்கியதை எதிர்த்து மனுப் போட்டிருக்கிறாராம், வருகிற 26ஆம் தேதி சமரசப் பேச்சுக்கு ஆஜராக வேண்டுமாம். திருடியவருக்குத்தான் சட்டமா? நல்ல வக்கீலாக வைத்தால் முதல் வாய்தாவிலேயே தள்ளுபடி வாங்கிவிடலாமா?

பழைய எச்ஆர் | 12 பிப்ரவரி 2024, இரவு 11:15

முதல் வாய்தாவுக்கு வக்கீலைக் கூட்டிக்கொண்டு போனால் அவரை வெளியே பெஞ்சில்தான் உட்கார வைப்பார்கள். தொழில் தகராறுகள் சட்டம் 36ஆம் பிரிவின்படி சமரச அலுவலர் முன்னால் வக்கீல் ஆஜராக முடியாது. நீங்களே போகலாம், உங்கள் அதிகாரி போகலாம், நீங்கள் உறுப்பினராக இருக்கிற முதலாளிகள் சங்கத்தின் நிர்வாகி போகலாம். தொழிலாளர் நீதிமன்றத்திலும் எதிர்த்தரப்பு சம்மதித்து, நீதிமன்றமும் அனுமதி கொடுத்தால்தான் வக்கீல் பேசலாம். வக்கீலே சங்க நிர்வாகியாக இருந்தால் அந்தத் தகுதியில் வரலாம் என்று 1976ல் பாரதீப் துறைமுக வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஊரில் நாலு வக்கீல்கள் ஏன் ஏதோ ஒரு சங்கத்துக்குத் துணைத்தலைவராக இருக்கிறார்கள் என்று யோசித்திருக்கிறீர்களா? அதற்குத்தான்.

இன்னொன்று, அது கோர்ட் இல்லை. அங்கே தள்ளுபடி, தீர்ப்பு எதுவும் கிடையாது. பேசி முடிப்பார்கள், முடியாவிட்டால் பேச்சு முறிந்தது என்று முறிவறிக்கை எழுதுவார்கள். 2010 திருத்தத்துக்குப் பிறகு முறிவறிக்கைக்குக்கூடக் காத்திருக்க வேண்டியதில்லை. மனுக் கொடுத்து 45 நாள் ஆனால் தொழிலாளி நேராகத் தொழிலாளர் நீதிமன்றத்துக்குப் போய்விடலாம்.

நிட்டிங் திருப்பூர் | 13 பிப்ரவரி 2024, காலை 7:02

அண்ணா, இதுக்கெல்லாம் பயப்படாதீங்க. எங்க யூனிட்ல வேலைக்குச் சேரும்போதே வெள்ளைத்தாள்ல ரெண்டு கையெழுத்து வாங்கி வெச்சுக்குவோம். பிரச்சினை வந்தா அதுல ராஜினாமா எழுதிக்கலாம். பத்து வருஷமா ஓடிட்டு இருக்கு.

வழக்காடி | 13 பிப்ரவரி 2024, காலை 9:30

திருப்பூர் நண்பருக்கு: அந்தத் தாளை நம்பி நீதிமன்றம் போகாதீர்கள். நான் முதலாளிகள் பக்கம் மட்டுமே வழக்கு எடுக்கிறவன், அதனால்தான் சொல்கிறேன். குறுக்கு விசாரணையில் முதல் கேள்வி, "இந்த ராஜினாமாவை யார் எழுதினார்கள்?" கையெழுத்து ஒரு மையில், விஷயம் வேறொரு மையில். கையெழுத்துக்கு மேலே இடம் பத்தாமல் கடைசி இரண்டு வரி நெருக்கியடித்து நிற்கும். அந்த ஒரு தாள் பொய் என்று ஆகிவிட்டால் உங்கள் வருகைப் பதிவேட்டையும் சம்பளப் பதிவேட்டையும் யாரும் நம்பமாட்டார்கள். தவிர, அது போலி ஆவணம் தயாரித்த குற்றம். வேலை போன ஆளின் வழக்கு உங்கள் மேல் கிரிமினல் வழக்காகத் திரும்பும்.

லேத்துக்காரருக்கு: அவர் திருடினாரா என்பதை இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள். உங்களிடம் என்ன காகிதம் இருக்கிறது? வாட்ச்மேன் அன்றைக்கு எழுதிக் கொடுத்தாரா? பையைச் சோதித்தபோது வேறு யார் இருந்தார்கள்? இன்சர்ட் ஸ்டாக் பதிவேட்டில் அந்த இரண்டு பெட்டி குறைந்தது தெரிகிறதா? விளக்கம் கேட்டு மெமோ போனதா?

லேத்துக்காரர் | 13 பிப்ரவரி 2024, மதியம் 1:20

எழுதி எதுவும் வாங்கவில்லை சார். வாட்ச்மேன் இருக்கிறார், கேட்டால் சொல்வார். பெட்டி இரண்டும் என் டிராயரில் இருக்கிறது. ஸ்டாக் புத்தகம் டூல் ரூம் பையன் எழுதுவான், வாரத்துக்கு ஒருமுறை. மெமோ கொடுக்கவில்லை. கையும் களவுமாகப் பிடித்த பிறகு மெமோ எதற்கு என்று நினைத்தேன்.

சங்கத்துக்காரன் | 13 பிப்ரவரி 2024, இரவு 8:45

நான் தொழிற்சங்கத்தில் இருக்கிறேன், எதிர்த்தரப்பு. ஆனாலும் சொல்கிறேன், முதலாளி. இந்த மாதிரி வழக்கு எங்களுக்கு வெல்லம். அந்த வாட்ஸ்அப்பை ஸ்கிரீன்ஷாட் எடுத்து மனுவோடு இணைத்திருப்போம். அதில் "திருட்டு" என்ற வார்த்தையே இல்லை, கவனித்தீர்களா? காரணம் சொல்லாமல் வேலையை விட்டு நிறுத்தியதாகத்தான் அது படிக்கும். அப்படிப் படித்தால் அது ஆட்குறைப்பு. ஒரு வருஷத்தில் 240 நாள் வேலை பார்த்தவரை அப்படி அனுப்ப, அதே தொழில் தகராறுகள் சட்டம் 25எஃப் பிரிவின்படி ஒரு மாத நோட்டீஸ் அல்லது அதற்கான சம்பளம், முடிந்த ஒவ்வொரு வருஷத்துக்கும் 15 நாள் சராசரிச் சம்பளம், அரசுக்கும் தகவல். மூன்றில் ஒன்றும் நடக்கவில்லை.

அவர் திருடினாரோ இல்லையோ எனக்குத் தெரியாது. இரண்டு பெட்டியை யாரோ பைக்குள் வைத்துவிட்டார்கள் என்றும் நடக்கும். நான் பார்த்திருக்கிறேன். அதனால்தான் விசாரணை என்று ஒன்றை வைத்திருக்கிறார்கள்.

பழைய எச்ஆர் | 13 பிப்ரவரி 2024, இரவு 9:30

சங்கத்துக்காரர் சொல்வதை ஒத்துக்கொள்கிறேன், அவர் மாதிரி ஆட்களோடு இருபது வருஷம் சண்டை போட்டவனாக இருந்தாலும்.

உள்விசாரணை எப்படி இருக்கும் என்று பார்க்காதவர்களுக்காக ஒன்று சொல்கிறேன். நான் வேலை பார்த்த ஒரு மில்லில் கேன்டீன் மேசையில்தான் நடக்கும், டீ நேரம் முடிந்த பிறகு. விசாரணை அதிகாரி வெளி வக்கீல். குற்றம் சாட்டப்பட்டவர் பக்கத்தில் அவருக்கு உதவியாக ஒரு சக தொழிலாளி. சாட்சி சொல்லச் சொல்ல ஒருவர் தமிழில் எழுதுவார். முடிந்ததும் வாசித்துக் காட்டி, ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் மூன்று கையெழுத்து. ஒருமுறை தொழிலாளி ஏழாவது பக்கத்தில் "நான் இப்படிச் சொல்லவில்லை" என்றார். அதிகாரி அந்த வரியை அடிக்கவில்லை. அதற்குக் கீழேயே "மேற்கண்ட வரியை இவர் மறுக்கிறார்" என்று எழுதி அவரிடமே கையெழுத்து வாங்கினார். அந்த ஒரு வரிதான் பிறகு நீதிமன்றத்தில் விசாரணை நேர்மையாக நடந்தது என்பதற்கு எங்களுக்குச் சாட்சி.

மெமோ எந்த மொழியில் என்பதும் முக்கியம். இப்போது நம் பட்டறைகளில் பாதிப் பேர் பீகார், ஒடிசா. அவர்களுக்கு ஆங்கிலத்தில் மெமோ கொடுத்து "பெற்றுக்கொண்டேன்" என்று கைநாட்டு வாங்கி வைத்திருக்கிறார்கள். அது செல்லாது என்று சொல்ல வக்கீல்கூட வேண்டாம். வாங்க மறுத்தால் ஊர் முகவரிக்கும் இங்குள்ள முகவரிக்கும் பதிவுத் தபால். "வாங்க மறுப்பு" என்று திரும்பி வரும் கவரைப் பிரிக்காமல் கோப்பில் வையுங்கள். ஆர்வத்தில் பிரித்துவிடாதீர்கள்.

நிட்டிங் திருப்பூர் | 14 பிப்ரவரி 2024, காலை 6:50

இவ்வளவு செஞ்சா நான் பனியன் தைக்கறது எப்போ? சின்ன யூனிட்காரனுக்கு இதெல்லாம் முடியற காரியமா? சட்டம் போட்டவன் ஒரு நாள் இங்க வந்து ஷிப்ட் பார்க்கணும்.

வழக்காடி | 14 பிப்ரவரி 2024, காலை 10:10

உங்கள் கோபம் நியாயம்தான். நாற்பது பேர் யூனிட்டுக்கும் நாலாயிரம் பேர் ஆலைக்கும் இதில் பெரிய வித்தியாசம் வைக்கவில்லை. ஆனால் செலவைப் பாருங்கள். மெமோ, விளக்கம், இரண்டு மூன்று அமர்வு விசாரணை, அறிக்கை நகல் கொடுத்து இரண்டாவது விளக்கம் கேட்டு, அப்புறம் உத்தரவு. சுமார் இரண்டு மாதம். விசாரணை நடக்கும்வரை அவரை உள்ளே விட விருப்பமில்லை என்றால் சஸ்பெண்ட் செய்யலாம். தமிழ்நாட்டில் 1981ஆம் வருஷத்துப் பிழைப்பூதியச் சட்டம் இருக்கிறது: முதல் 90 நாள் பாதிச் சம்பளம், 180 நாள்வரை முக்கால், அதற்கு மேல் முழுச் சம்பளம். அதனால் விசாரணையை இழுத்தால் நஷ்டம் உங்களுக்குத்தான்.

இதையெல்லாம் செய்யாமல் நீதிமன்றம் போய் தோற்றால்? பணித் தொடர்ச்சியோடு மீண்டும் வேலை, பின்சம்பளம் (வெளியே இருந்த காலத்துக்கான சம்பளம்). மகாராஷ்டிர ஆசிரியை ஒருவர் வழக்கில் 2013ல் உச்ச நீதிமன்றம் சொன்னது இது: தப்பான பணிநீக்கம் என்றால் பின்சம்பளம் கொடுப்பதுதான் வழக்கமான விதி, வேறு வேலையில் இல்லை என்று தொழிலாளி சொல்லிவிட்டால், அவர் சம்பாதித்தார் என்று காட்டும் பொறுப்பு முதலாளி தலையில். நீங்கள் உயர் நீதிமன்றம் போனாலும் தொழில் தகராறுகள் சட்டம் 17பி பிரிவின்படி, வழக்கு முடியும்வரை கடைசியாக வாங்கிய சம்பளத்தை மாதாமாதம் கொடுக்க வேண்டும். வேலை வாங்காமல்.

லேத்துக்காரருக்கு இன்னொரு கதவு திறந்திருக்கிறது. விசாரணையே நடத்தாவிட்டாலும், குற்றத்தைத் தொழிலாளர் நீதிமன்றத்திலேயே சாட்சி வைத்து நிரூபிக்க முதலாளிக்கு உரிமை உண்டு. ஆனால் அதை எதிருரையிலேயே (மனுவுக்கு நீங்கள் கொடுக்கும் எழுத்துப் பதில்) கேட்டிருக்க வேண்டும். 1983ல் பேங்க் ஆஃப் பரோடா வழக்கில் சொன்னதை 2001ல் கர்நாடக அரசுப் போக்குவரத்துக் கழக வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வு உறுதி செய்தது. ஒரு பத்திதான். அதை எழுத மறந்த எதிருரைகளை நான் எத்தனையோ பார்த்திருக்கிறேன், என் சீனியர் ஆபீஸிலேயே ஒன்று உட்பட.

லேத்துக்காரர் | 14 பிப்ரவரி 2024, இரவு 10:05

அப்படியென்றால் கோர்ட்டில் நிரூபிக்கலாம் என்கிறீர்களா? வாட்ச்மேன் சொல்வார்.

வழக்காடி | 14 பிப்ரவரி 2024, இரவு 10:50

வாட்ச்மேன் எப்போது சொல்வார்? மூன்று வருஷம் கழித்து. அதுவரை உங்களிடம் இருப்பாரா? செக்யூரிட்டி ஏஜென்சி ஆள்தானே. "பையில் இருந்த பெட்டிதான் இது என்று எப்படிச் சொல்கிறீர்கள், அடையாளம் என்ன?" என்று கேட்டால்? அந்தப் பெட்டி ஒரு மாதமாக உங்கள் டிராயரில் இருந்திருக்கிறது, சீல் இல்லை. என்னிடம் வந்தால் இந்த வழக்கை எடுப்பேன், ஆனால் ஜெயிப்போம் என்று சொல்லமாட்டேன்.

என் யோசனை இது. 26ஆம் தேதி போங்கள், கத்தாதீர்கள். வாட்ஸ்அப் செய்தியைத் திரும்பப் பெறுகிறேன், வேலைக்கு வரட்டும், ஒழுங்கு நடவடிக்கை எடுக்கும் உரிமையை விட்டுக்கொடுக்கவில்லை என்று எழுத்தில் கொடுங்கள். அவர் வந்தால் சஸ்பென்ஷன், மெமோ, விசாரணை என்று முறையாகப் போகலாம். ஒன்று மட்டும் ஜாக்கிரதை: சமரசம் நிலுவையில் இருக்கும்போது அவரை மறுபடி டிஸ்மிஸ் செய்தால் அதே சட்டத்தின் 33ஆம் பிரிவு குறுக்கே வரும். சமரச அலுவலரிடம் அனுமதியோ ஒப்புதலோ வாங்காமல் செய்தால் அந்த உத்தரவும் செல்லாது, இரண்டாவது தடவையும் விழுவீர்கள். இல்லையென்றால் பணம் பேசி முடியுங்கள். எது மலிவு என்று கணக்குப் போட்டுப் பார்த்து முடிவெடுங்கள், கோபத்தில் எடுக்காதீர்கள்.

சங்கத்துக்காரன் | 15 பிப்ரவரி 2024, காலை 8:20

பணிக்கொடையை (கிராஜுவிட்டி) மறந்துவிடாதீர்கள். ஐந்து வருஷம் தாண்டிவிட்டார். அதைச் "செட்டில்மென்ட்" தொகைக்குள் அமுக்கப் பார்ப்பார்கள், நாங்கள் விடமாட்டோம்.

லேத்துக்காரர் | 15 பிப்ரவரி 2024, மதியம் 2:00

திருட்டுக்கு வேலையை விட்டு அனுப்பினாலும் பணிக்கொடை கொடுக்க வேண்டுமா? பேசிக்கும் டிஏவும் சேர்த்து 19,500.

பழைய எச்ஆர் | 15 பிப்ரவரி 2024, மதியம் 3:10

19,500ஐ 15ஆல் பெருக்கி 26ஆல் வகுத்தால் 11,250. ஆறு வருஷத்துக்கு 67,500. மிச்சமிருக்கிற நாலு மாதம் ஆறு மாதத்துக்கு மேல் இல்லை, அதனால் ஏழாவது வருஷமாக எண்ண வேண்டாம். பிடித்தம் செய்ய பணிக்கொடைச் சட்டம் 4(6) பிரிவில் வழி இருக்கிறது. ஆனால் அதற்கு அந்தக் குற்றத்துக்காக வேலை நீக்கம் செய்த உத்தரவு வேண்டும். உங்கள் உத்தரவு வாட்ஸ்அப்பில் ஒரு வரி, அதில் குற்றமே இல்லை. 30 நாளில் கொடுத்திருக்க வேண்டும், தாமதத்துக்கு வட்டியும் ஏறும்.

கிளவுட் சென்னை | 15 பிப்ரவரி 2024, மாலை 6:15

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். நாங்கள் 22 பேர் சாஃப்ட்வேர் கம்பெனி. எங்களுக்கு இந்த லேபர் கோர்ட் எல்லாம் வராதுதானே? ஆஃபர் லெட்டரில் "எப்போது வேண்டுமானாலும் காரணம் இன்றி நீக்கலாம்" என்று தெளிவாகப் போட்டிருக்கிறோம்.

வழக்காடி | 15 பிப்ரவரி 2024, இரவு 9:00

அந்த வரி அமெரிக்க டெம்ப்ளேட்டில் இருந்து வந்தது. இங்கே அதை நம்பாதீர்கள். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947, 41ஆம் பிரிவு: தொடர்ந்து ஆறு மாதம் வேலை பார்த்தவரைத் தகுந்த காரணமும் ஒரு மாத நோட்டீஸோ அதற்கான சம்பளமோ இல்லாமல் நீக்க முடியாது, ஒழுங்கீனம் என்றால் விசாரணை வேண்டும். மேல்முறையீடு தொழிலாளர் துறை அதிகாரியிடம். சாஃப்ட்வேர் எழுதுகிறவர் "தொழிலாளி"யா என்பது தனி விவாதம், பதவிப் பெயரைப் பார்க்கமாட்டார்கள், செய்கிற வேலையைத்தான் பார்ப்பார்கள். பத்துப் பேருக்கு மேல் இருப்பதால் பாலியல் துன்புறுத்தல் புகார்களுக்கு உள்குழு இருக்க வேண்டும், 2013 சட்டம். இருக்கிறதா?

கிளவுட் சென்னை | 15 பிப்ரவரி 2024, இரவு 9:25

...நாளை அமைக்கிறோம்.

லேத்துக்காரர் | 19 ஏப்ரல் 2024, இரவு 11:00

என்ன ஆச்சு என்று சிலர் கேட்டிருந்தீர்கள்.

முதல் நாள் போனேன். சமரச அலுவலர் அம்மா கேட்ட முதல் கேள்வி "டெர்மினேஷன் ஆர்டர் எங்கே?" நான் வாய் திறப்பதற்குள் செட்டர் தன் போனை எடுத்து மேசை மேல் வைத்தார். திரையில் ஒரு விரிசல். விரிசலுக்கு அந்தப் பக்கம் என் செய்தி. அவர் "படிக்கட்டுமா சார்?" என்று என்னைக் கேட்டார். வேண்டாம் என்றேன்.

வழக்காடி சார் சொன்ன மாதிரி எழுத்தில் கொடுத்தேன். அவர் திரும்ப வர விரும்பவில்லை, எல்லாரும் ஒரு மாதிரி பார்ப்பார்கள் என்றார். அப்புறம் மூன்று அமர்வு. கடைசியில் அதிகாரி முன்னாலேயே தொழில் தகராறுகள் சட்டம் 12(3) பிரிவின்படி ஒப்பந்தம். பணிக்கொடை 67,500 தனியாக, மற்றதெல்லாம் சேர்த்து 90,000. ஒப்பந்தத்தில் திருட்டு பற்றி ஒரு வார்த்தை இல்லை. அது எனக்கு இன்னும் உறுத்துகிறது, மறைக்க விரும்பவில்லை. வெளியே வந்து டீக்கடையில் அவர்தான் காசு கொடுத்தார். எடுத்தாயா என்று நான் கேட்கவில்லை.

இப்போது ஒரு வக்கீலிடம் வருஷக் கட்டணம் பேசி வைத்திருக்கிறேன். யாரை அனுப்பினாலும் அவருக்கு முதலில் போன். ஒருதடவை ராத்திரி ஒன்பதரைக்குக் கூப்பிட்டேன், "இன்றைக்கு எதுவும் டைப் செய்யாதீர்கள், தூங்குங்கள்" என்று வைத்துவிட்டார். கேட்டில் பை சோதனைக்குப் பதிவேடு, இரண்டு சாட்சிக் கையெழுத்து, பொருளைக் கவரில் போட்டு ஒட்டிக் கையெழுத்து. அவ்வளவுதான் செய்தேன்.

சங்கத்துக்காரன் | 20 ஏப்ரல் 2024, காலை 7:40

90,000க்கு ஒத்துக்கொண்டாரா? எங்களிடம் வந்திருக்கலாம்.

டூல்ரூம் ஓசூர் | 9 டிசம்பர் 2025, மதியம் 12:30

பழைய இழையைக் கிளறுவதற்கு மன்னிக்கவும். நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் அமலுக்கு வந்துவிட்டன என்கிறார்களே, மேலே சொன்னதெல்லாம் இனி செல்லாதா?

வழக்காடி | 9 டிசம்பர் 2025, இரவு 8:15

பிரிவு எண்கள் மாறும், மெமோவும் விசாரணையும் மாறாது. நடைமுறையில் எனக்கு முக்கியமாகப் படுவது: வேலையை விட்டுப் போகிறவர், அனுப்பப்படுகிறவர் யாராக இருந்தாலும் சம்பளப் பாக்கியை இரண்டு வேலை நாளுக்குள் முடிக்க வேண்டும். அடுத்த மாதச் சம்பளத்தோடு போடலாம் என்ற பழக்கம் முடிந்தது. குறித்த காலத்துக்கு எடுத்த ஆளுக்கு ஒரு வருஷத்திலேயே பணிக்கொடை. ஆட்குறைப்பு என்றால் ஈட்டுத்தொகை போக, மறுபயிற்சி நிதிக்கு ஒவ்வொரு ஆளுக்கும் 15 நாள் சம்பளம். 20 பேர், அதற்கு மேல் இருந்தால் குறைதீர்க்கும் குழு. எல்லாருக்கும் பணி நியமனக் கடிதம் கட்டாயம். பழைய வழக்குகள் எப்படிப் போகும் என்பதை உங்கள் வழக்கின் தேதியை வைத்துத்தான் சொல்ல முடியும், பொதுவாகக் கேட்காதீர்கள்.

லேத்துக்காரர் | 9 டிசம்பர் 2025, இரவு 9:50

நியமனக் கடிதம் எங்களிடம் 38ல் 11 பேருக்குத்தான் இருக்கிறது சார். மிச்சப் பேருக்கு இப்போது கொடுத்தால் சேர்ந்த தேதி என்று எதைப் போடுவது? உண்மையில் சேர்ந்த தேதியா, இஎஸ்ஐயில் காட்டிய தேதியா?

வழக்காடி | 9 டிசம்பர் 2025, இரவு 10:20

இதற்குப் பதிலை இங்கே எழுதமாட்டேன். உங்கள் வக்கீலுக்கு போன் போடுங்கள். இன்றைக்கு இல்லை, நாளைக் காலை.